பேட்டரிய கழட்டினா பாஸ்வேர்டு போயிடுமா? போகாதுங்க

விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துட்டா மதர்போர்டுல இருக்குற காசு சைஸ் பேட்டரிய அஞ்சு நிமிஷம் கழட்டி மாட்டுங்க, அழிஞ்சிரும்னு மன்னார்குடி பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது. சுத்தப் பொய். அத கழட்டினா பயாஸ், அதாவது கம்ப்யூட்டர ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற அடிப்படை புரோகிராம், அதோட செட்டிங்கும் கடிகாரமும்தான் ரீசெட் ஆகும் (பழைய டெஸ்க்டாப்னா பயாஸ் பாஸ்வேர்டு போகும், அதப் பாத்துட்டு யாரோ கிளப்பி விட்டிருக்கணும்), விண்டோஸ் பாஸ்வேர்டு டிஸ்க்குல சாம்ங்கிற ஃபைல்ல ஹேஷா (திருப்பிப் படிக்க முடியாதபடி மாத்தின குறியீடா) இருக்கு, அத இது தொடவே தொடாது. டிஸ்க்க பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா இன்னும் வம்பு, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்னுடலாம்.

மைக்ரோசாப்ட் அக்கவுண்டுனா போன்லயே அவங்க சைட்டுக்கு போய் மாத்திடலாம். அந்த கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்குற லோக்கல் அக்கவுண்டுனா தப்பா அடிச்சதும் கீழ ரீசெட் பாஸ்வேர்டுனு வரும், முன்னாடியே செட் பண்ணி வச்ச 3 கேள்விக்கு பதில் சொன்னா போதும். குறுவை நெல் கணக்கு உள்ள மாட்டிக்கிச்சுன்னு எங்க சித்தப்பா ஸ்க்ரூடிரைவரோட உக்காந்துட்டாரு, நல்லவேளை தடுத்துட்டேன்.