மந்திரத்துக்கு விலை யார் கொடுப்பது? அண்மைக்கால சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி நாவல்கள் பற்றி

சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் காதில் விழும் பாராட்டு "வேர்ல்ட் பில்டிங் பிரமாதம்", அதாவது கற்பனை உலகத்தைக் கட்டியெழுப்பிய விதம் அருமை என்பதுதான். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், முன்பக்கத்து வரைபடம், கடைசிப் பக்கத்துச் சொல்லகராதி, ஏழு அரச வம்சம், மூன்று நிலவு என்று அடுக்குவார்கள். இவையெல்லாம் அலங்காரம். இருப்பதில் தவறில்லை. ஆனால் எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்குமென்றால், அந்த உலகத்தைத் தாங்கி நிற்பது அவை அல்ல. தாங்கி நிற்பது அதன் விதி, அதாவது அங்கே எது நடக்கும், எது நடக்காது என்ற சட்டம். விதி ஒன்றைக் கொடுக்கும், பதிலுக்கு ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். யாரிடமிருந்து பிடுங்குகிறது என்பதில்தான் நாவல் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் பரவலாகப் பேசப்பட்ட ஐந்து நாவல்களை இந்த ஒரே அளவுகோலால் பார்க்கிறேன்.

செய்துபார்ப்பது எளிது. முதல் 50 பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த உலகத்தின் விதியை ஒரே வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். பாதியில் நிறுத்தி, இதுவரை அந்த விதியால் யாருக்கு நஷ்டம் என்று கேளுங்கள். கடைசிக் கால்பங்கில் புதிதாக ஒரு சக்தியோ கருவியோ பொருளோ நுழைகிறதா என்று கவனியுங்கள். நுழைந்தால், ஆசிரியர் தான் போட்ட முடிச்சைத் தன்னாலேயே அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலைத் தேடுகிறார் என்று பொருள். சில திருப்பங்களை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். படிக்காதவர்கள் அந்தந்த நாவலின் பகுதியைத் தாண்டிவிடலாம்.

ஆண்டி வியரின் 'புராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021) இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது. அஸ்ட்ரோஃபேஜ் என்ற ஒற்றைச் செல் உயிர் நட்சத்திரத்தின் வெப்பத்தைத் தின்று, அதை நிறையாகச் சேமித்துவைத்து, பிறகு அகச்சிவப்பு ஒளியாக வெளியே விட்டு நகர்கிறது. இனம் பெருக்க அதற்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும், அதற்காக வெள்ளிக் கிரகத்துக்குப் போய்வருகிறது. சூரியன் மங்குவது இதனால்தான். விண்கலத்துக்கு எரிபொருளும் இதுவேதான். கொல்வதும் காப்பதும் ஒரே பொருளாக இருப்பதால் கதையில் எந்தத் தீர்வும் சும்மா வருவதில்லை.

கணக்கும் நேர்மையானது. நாயகன் போகும் கலம் 1.5 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் ஒன்றரை மடங்கு முடுக்கத்தில் பாதித் தூரம் வேகமெடுக்கிறது, மீதிப் பாதியில் அதே அளவில் வேகத்தைக் குறைக்கிறது. அது போய்ச் சேரவேண்டிய டௌ செட்டி நட்சத்திரம் 12 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் சமன்பாட்டில் போட்டால் பூமியில் சுமார் 13 ஆண்டும் கலத்துக்குள் சுமார் 4 ஆண்டும் வருகின்றன. நாவலில் இருப்பதும் அதுதான். கால்குலேட்டரோடு உட்காரும் வாசகரை மதித்து எழுதப்பட்ட புத்தகம் இது.

இடறும் இடங்களும் உண்டு. நாயகன் அங்கே சந்திக்கும் வேற்றுக்கிரகவாசி ராக்கி. அவனுடைய இனத்தார் செய்யும் ஜெனோனைட் என்ற பொருள் எந்த அழுத்தத்தையும் தாங்கும், எந்த வடிவத்துக்கும் வளையும். ராக்கி வாழும் காற்று அம்மோனியா, அழுத்தம் பூமியைப் போல் 29 மடங்கு, வெப்பம் 210 டிகிரி. மனிதனுக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர் தேவை, ஜெனோனைட் உடனே சுவராகிவிடுகிறது. கதையின் பெரும்பகுதியில் இந்தப் பொருள் விலையே இல்லாமல் வேலை செய்கிறது. அப்போதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வியர் அந்தக் கடனை வட்டியோடு அடைக்கிறார். அஸ்ட்ரோஃபேஜைத் தின்னும் டௌமீபா என்ற நுண்ணுயிரை, நைட்ரஜனைத் தாங்கும்படி தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். வளர்க்கும் தொட்டி ஜெனோனைட். நைட்ரஜனைத் தாங்கப் பழகிய அதே உயிர் தொட்டியின் சுவருக்குள் புகுந்து போகவும் பழகிவிடுகிறது. ராக்கியின் கலம் முழுக்க ஜெனோனைட்டால் ஆனது, ஆகவே அவனுடைய எரிபொருள் போய்விடும். வீடு திரும்புவதா, நண்பனிடம் திரும்புவதா என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. அறிவியலும் நெஞ்சும் ஒரே முடிச்சில் விழுகிற இடம் அது.

ராக்கியின் மொழியைக் கற்கும் வேகத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒலி அலைகளைப் பிரித்து, அட்டவணை போட்டு, பெயர்ச்சொற்களைச் சேர்ப்பதுவரை சரி. "ஒருவேளை", "இருந்தாலும்" போன்ற சொற்கள் அப்படிச் சிக்காது. பக்கத்து மாநில மொழியிலேயே அவைதானே கடைசிவரை தகராறு செய்பவை!

மொழி என்றதும் ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' (2022). இவ்வகை எழுத்துக்கான நெபுலா விருதை 2022ஆம் ஆண்டுக்குப் பெற்றது. 1830களின் ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கிறது. இதன் விதியைப் போல அழகான விதியை அண்மையில் நான் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிப் பாளத்தில் ஒரு மொழியின் சொல்லையும் இன்னொரு மொழியில் அதற்கு இணையான சொல்லையும் பொறிக்கிறார்கள். இரண்டு மொழியையும் உள்ளூர அறிந்தவர் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பில் எது நழுவிப்போகிறதோ அது அந்த வெள்ளியின் வழியாக நிஜமாகிவிடும். அகராதியைப் பார்த்துப் படிப்பவருக்கு வெள்ளி அசையாது.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். "எச்சில்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் "சலைவா" என்று வைத்துப் பாருங்கள். வாய் நீர் வந்துவிடும். அடுத்தவர் கடித்ததைத் தொடத் தயங்குவது வராது, எச்சில் இலையை யார் எடுப்பது என்ற சாதிக் கேள்வி வராது, குழந்தை கடித்த பாதி பிஸ்கட்டைத் தாய் சாதாரணமாகத் தின்னும் பிரியமும் வராது. குவாங்கின் வெள்ளி அந்த மிச்சத்தில்தான் ஓடுகிறது.

விலைக்கு வருவோம். ஐரோப்பிய மொழிகள் ஒன்றோடொன்று கலந்து கலந்து நெருங்கிவிட்டன. நெருங்கினால் நழுவுவது குறையும், வெள்ளியின் வலுவும் குறையும். ஆகவே ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தூரத்து மொழிகள் தேவைப்படுகின்றன. சீனாவின் கான்டனிலிருந்து ராபின், கல்கத்தாவிலிருந்து ராமி, ஹெய்ட்டியிலிருந்து விக்ட்வார். அவர்களுடைய தாய்மொழி கச்சாப்பொருள், விளையும் வசதியெல்லாம் லண்டனுக்கு. சுரண்டல் என்பது இங்கே மேலே ஒட்டிய கருத்து அல்ல, விதியின் உள்ளே இருக்கும் சக்கரம். வெள்ளிப் பாளங்களுக்கு அவ்வப்போது பராமரிப்பு வேண்டும் என்ற சின்ன நிபந்தனையை ஆரம்பத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். பின்னால் மொழிபெயர்ப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது வெஸ்ட்மின்ஸ்டர் பாலமே இடிந்து விழுகிறது. புதுச் சக்தி எதுவும் உள்ளே வரவில்லை. முதலில் சொன்ன நிபந்தனைதான் வேலை செய்தது.

இவ்வளவு நன்றாகச் செய்தவர் இரண்டு இடத்தில் சறுக்குகிறார். முதலாவது, வாசகரை நம்பவில்லை. ஒரு பாத்திரம் இனவெறியோடு பேசும், அது இனவெறி என்று இன்னொரு பாத்திரம் சொல்லும், பிறகு அடிக்குறிப்பும் அதையே சொல்லும். சொற்பிறப்பு பற்றிய அடிக்குறிப்புகள் தேன், உபதேச அடிக்குறிப்புகள் சுமை. இரண்டாவது குறை பெரியது. வெள்ளி மந்திரம் இத்தனை காலமாக இங்கிலாந்தை ஓட்டுகிறது என்றால் வரலாறு எங்கெங்கோ திரும்பியிருக்கவேண்டும். ஆனால் பிரிட்டன் சீனாமேல் தொடுத்த அபினிப் போர் நம் உலகத்தைப் போலவே 1839ஐ ஒட்டி, அதே வணிகர்களின் அதே பேராசையால் வருகிறது. நிஜத்திலேயே தேயிலைக்காகச் சீனாவுக்கு வெள்ளி போய்க்கொண்டிருந்தது, அதைத் திருப்பி இழுக்கத்தான் அபினியை விற்றார்கள். இந்தப் பொருத்தத்தை விட மனமில்லாமல் மற்ற மாற்றங்களை எல்லாம் விட்டுவிட்டார் போலிருக்கிறது. 500 பக்கத்தைத் தாண்டும் புத்தகம், நடுவில் கொஞ்சம் இழுக்கும். அங்கே வைத்துவிடாதீர்கள், கடைசிப் பகுதிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெய்ன்டட் கப்' (2024) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இவ்வகை எழுத்துக்கான இன்னொரு பெரிய விருதான ஹியூகோவை 2025ஆம் ஆண்டு பெற்ற இது அடிப்படையில் ஒரு துப்பறியும் கதை. மழைக்காலந்தோறும் கடலிலிருந்து ராட்சத மிருகங்கள் வரும், மதில் அவற்றைத் தடுக்கவேண்டும். ஓர் அதிகாரியின் உடலைக் கிழித்துக்கொண்டு மரம் முளைத்திருக்கிறது. துப்பறியும் ஆனாவின் உதவியாளன் டின், பார்த்ததை எல்லாம் அப்படியே நினைவில் பொறித்துக்கொள்ளும்படி உடல் மாற்றப்பட்டவன். நறுமணக் குப்பியை முகர்ந்துதான் நினைவைத் திரும்ப எடுப்பான். துப்பறியும் கதைக்கு விதி மிக முக்கியம், ஏனென்றால் மந்திரத்தால் எதுவும் நடக்கலாம் என்றால் துப்புக்கு மதிப்பே இல்லை. பென்னட் அந்த வரம்பை மீறவில்லை. ஃபேன்டஸிக்குப் புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் த ஃப்யூச்சர்' (2020) பற்றி எனக்கு இரண்டு மனது. முதல் அத்தியாயம் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் வெப்ப அலை. இதன் விதி கற்பனையே அல்ல. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்க முடியாது. நிழலில் ஆடையின்றி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்தில் உடல் வெந்துவிடும். நாவலில் மக்கள் ஏரிக்குள் இறங்குகிறார்கள். ஏரி நீரும் உடம்பைவிடச் சூடு. மின்சாரம் போவது, ஜெனரேட்டர் பறிபோவது, முதியவர்களும் குழந்தைகளும் முதலில் விழுவது என்று ஒவ்வொரு படியாக வருகிறது. சென்னையில் 38 டிகிரி வெயிலும் 60 விழுக்காடு ஈரப்பதமும் சேரும் நாளில் ஈரக்குமிழ் அளவு 31ஐ ஒட்டி வரும். இளைஞர்களை வைத்து 2022இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, உடல் தடுமாறத் தொடங்குவது 35இல் அல்ல, 31ஐ ஒட்டியே என்று காட்டியது. நாவல் வந்த பிறகு அறிவியல் அதைவிடக் கடுமையாகிவிட்டது. வியர்வை காயாத ஊர்க்காரர்கள் இந்த அத்தியாயத்தைக் கட்டாயம் படிக்கவேண்டும்.

அந்த வெப்ப அலைக்குப் பதில் நடவடிக்கையாக நாவலில் இந்திய விமானங்கள் வானில் கந்தக டை ஆக்சைடைத் தூவுகின்றன. 1991இல் பினட்டூபோ எரிமலை செய்ததை மனிதர் செய்துபார்ப்பது அது. அந்த வெடிப்பு பூமியை அரை டிகிரி அளவுக்குத் தற்காலிகமாகக் குளிர்வித்தது. இதுவரை நாவல் இரும்பு. பிறகு 106 அத்தியாயங்களில் பாதி, கூட்டக் குறிப்பும் கட்டுரையுமாகக் கரைந்துவிடுகிறது. கார்பனைக் காற்றில் கலக்காமல் தடுப்பவர்களுக்குக் கொடுக்கும் கார்பன் நாணயம் என்ற யோசனையை மைய வங்கிகள் கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு ஏற்றுக்கொள்கின்றன. அதனால் வேலை போனவன் யார், எந்த ஊர் காலியானது என்பதெல்லாம் முகம் இல்லாமல் போகிறது. முதல் அத்தியாயத்தில் விலை கொடுத்தவர்களுக்கு உடம்பு இருந்தது. தீர்வுக்கு விலை கொடுப்பவர்களுக்கு அது இல்லை. அங்கேதான் எனக்குக் கோபம்.

கடைசியாக, கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'தி செய்ன்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). அந்த ஆண்டுக்கான நெபுலா இதற்குத்தான். முதல் 50 பக்கத்தில் விதியை ஒரு வரியில் எழுதும் சோதனையில் இது தேறாது. லூரியட் நகரத்தில் ஒரு பக்கம் மட்டுமே உள்ள, யாராலும் திறக்க முடியாத ஒளிக்கதவுகள் இருக்கின்றன. ஏன் என்று அங்கே விளக்கம் வராது. ஆனால் விலை என்ற கேள்விக்கு முதல் வாக்கியமே பதில். ஃபெட்டர் பிறந்த கணத்தில் தாய் ஒரு பித்தளை ஆணியால் அவனுடைய நிழலைத் தரையில் அறைந்து, அவனிடமிருந்து கிழித்தெடுக்கிறாள். தந்தையைக் கொல்வதற்காகவே வளர்க்கப்படும் பிள்ளை. நிழல் இல்லாததால் தரை அவனைப் பிடித்துவைப்பதில்லை, கவனம் தப்பினால் மிதந்துவிடுவான். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பேய்களையும் பார்க்கிறான். கைபேசியும் மின்னஞ்சலும் இருக்கும் அதே நகரத்தில் கலவரமும் கொள்ளைநோய்க் கெடுபிடியும் முகாம்களும் இருக்கின்றன. மக்களை இனமும் சாதியுமாகப் பிரித்துப் பதிவுசெய்யும் காகிதங்களும் உண்டு. இலங்கையை அறிந்தவர்கள் சில பக்கங்களை மெதுவாகத்தான் கடக்க முடியும்.

பெயர்களிலேயே பெரிய திறவுகோல் இருக்கிறது. ஆங்கில வாசகரில் பலர் அதைத் தவறவிடுவார்கள். ஃபெட்டர் என்றால் தளை. புத்தரின் மகன் ராகுலன் பெயருக்கும் பௌத்த மரபு சொல்லும் பொருள் அதுதான். தாயின் பெயர் மதர் ஆஃப் குளோரி, அதாவது புகழைத் தாங்கும் யசோதரை, புத்தரின் மனைவி. அப்படியானால் மனைவியையும் பிள்ளையையும் விட்டுப் போன தந்தை, நாவல் பூரண கருணையாளன் என்று அழைக்கும் அவன், யார் என்பது மணிமேகலை படித்த ஊரில் சொல்லாமலே விளங்கும். துறவின் பெருமையை எல்லோரும் பாடியிருக்கிறார்கள். வீட்டில் விடப்பட்டவர்களின் கணக்கை இந்த நாவல் எழுதுகிறது.

இதைத் தமிழாக்குபவர் யாராக இருந்தாலும் ஃபெட்டர் என்று ஒலிபெயர்த்துவிடக் கூடாது. தளை என்றே வைக்கலாம். விலங்கு என்ற பொருளும் இருக்கிறது, யாப்பில் ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டுவது என்ற பொருளும் இருக்கிறது. ஆங்கிலப் பெயரில் இந்த இரண்டாவது பொருள் கிடையாது.