நாலு வரி மெயில் அனுப்ப இத்தனை பூட்டா?

மூன்று சனிக்கிழமை போய்விட்டது. கல்லடியில் வீட்டு முன்னறை மேசையில் அமிகா 1200 என்ற பழைய கணினியைப் பிரித்துப் போட்டபடி இருக்கிறேன். பெரியப்பா 93-இல் லண்டனில் வாங்கி, பிறகு ஊருக்குக் கொண்டுவந்து தந்த மெசின் இது. இதிலிருந்தே அவருக்கு நாலு வரி மெயில் அனுப்ப வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

மெசினில் பிழை இருந்தால் மனம் ஆறும். இல்லையே! கசிந்த கப்பாசிட்டர்களைக் கழற்றி, உப்புக்காற்றில் பச்சை பிடித்த கால்களைத் துடைத்து, புதிதாக ஈயம் வைத்தாயிற்று. 8 எம்பி மெமரி போட்டால் நெட்வேர்க் கார்ட் காணாமல் போகிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே முகவரி இடத்துக்கு அடிபடுகின்றன. சரி, ஜம்பரை மாற்றி 4 எம்பி ஆக்கினேன். கார்ட் வந்தது. அப்புறம் இணையச் செய்திக்குழுக்களை வாசிக்கும் நியூஸ்கோஸ்டரைத் திறந்து, அதற்கான வாசல் எண்ணான 119ஆம் போர்ட்டைக் கொடுத்தேன். சொக்.கல்ச்சர்.டமில் என்ற தமிழர் உரையாடல் குழுவின் தலைப்புகள் மளமளவென்று இறங்கின. 1986-இல் எழுதிய நெறிமுறை, 14 மெகாஹேர்ட்ஸ் மெசின், ஒரு முணுமுணுப்பும் இல்லை.

மெயிலுக்கு வந்தேன், அங்கேதான் இரத்தம் கொதித்தது. யாம் என்ற மெயில் மென்பொருளைப் போட்டு, இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் ஏமிஎஸ்எஸ்எல்லையும் ஏற்றினேன். மெயில் சேர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லையாம்! இந்த மெசினுக்குள் பெட்டரி மணிக்கூடு கிடையாது, ஓஃப் செய்தால் திகதி பின்னுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் கையால் திகதி அடித்தேன். அதையும் தாண்டிப் போனால், மெயில் நிறுவனம் சொல்கிறது: கடவுச்சொல் சரிவராது, பிரவுசரில் வந்து அனுமதி கொடு. இந்த மெசினில் இன்றைய பிரவுசருக்கு எங்கே போவது? சொந்தக் கடவுச்சொல்லைச் சரியாக அடித்து, என் பெட்டியை நான் திறக்கக் கேட்கிறேன். எனக்கே கதவடைப்பு! திருடனைத் தடுக்கப் பூட்டுப் போடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? வீட்டுக்காரன் கையில் ஒரு சாவியாவது இருக்க வேண்டாமா?

கடைசியில் மச்சான் ஒருவன் தன் சேர்வரில், கடவுச்சொல் மட்டும் போதுமான பழைய முறையில் கணக்குத் திறந்து தந்தான். யாமை ஒதுக்கிவிட்டு வேறொரு பழைய மெயில் மென்பொருளில் எழுதி அனுப்பினேன். போனது! ஒரு மணித்தியாலத்தில் பதிலும் வந்தது. திறந்தால் திரை முழுக்க தலையில் கோடு கீறிய ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆரும்தான், வரிக்கு வரி அதுவே. யூடிஎஃப்-8 என்ற இன்றைய எழுத்துக் குறியீட்டு முறையில் நம் எழுத்தும், அதோடு சேரும் கொம்பு, புள்ளி போன்ற குறியும் தனித்தனியே மூன்று பைட், பெரும்பாலும் அந்த இரண்டு குறிகளுக்கான பைட்டில்தான் தொடங்கும். இந்த மெசினுக்கு அது மூன்று தனித்தனி இலத்தீன் குறிகள்.

எழுத்துரு செய்து பழக்கலாம், செய்வேன். ஆனால் பெரியப்பா எழுதியதை அன்றிரவு போனில்தான் வாசிக்க வேண்டி வந்தது. "கிடைச்சிது மனே. அந்தக் கீபோட்டில இடப்பக்கச் சிஃப்ட் இன்னும் சிக்குதா?"

சிக்குகிறது, பெரியப்பா.