வன்னியில் தெருப்படம் எடுக்கிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கில் இருக்கிற வன்னிக்குக் கமராவோடு வருகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. 2009-இல் போர் முடிந்த பிறகு வந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த நீர்த்தாங்கி, முள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்த வாகனங்கள், கால் இழந்தவரின் கால், அழுகிற தாயின் கண். எடுக்கவேண்டிய படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நீர்த்தாங்கியைத் தாண்டி ஒரு பிள்ளை சைக்கிளில் ரியூசனுக்குப் போனதே, அதை யார் எடுத்தது?

இங்கே அன்றாடம் என்பது சும்மா கிடைத்தது இல்லை. தை, மாசியில் அறுவடை முடிந்து தெருவோரம் நெல் காயும். ஒரு அம்மா வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே வெளிநாட்டில் இருக்கிற மகளோடு போனில் கதைத்துக்கொண்டிருப்பார். ஏ9 வீதியில் மாடுகள் ஆறுதலாகக் குறுக்கே போக, ஒரு பஸ் சனம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் போதும், குடும்பம் குடும்பமாக மோட்டார் சைக்கிளில் தண்ணீர் பார்க்கப் போவார்கள், கச்சான் விற்கிறவரும் வந்துவிடுவார். எல்லாத்தையும் இழந்த சனம் தண்ணீர் பார்க்கப் போகிறது! இதைவிடப் பெரிய படம் என்ன வேண்டும்?

சரி, எப்படி எடுப்பது? தெருவில் அன்றாட வாழ்வைப் படம் எடுக்கிற தெருப்படக்காரர் பலருக்கு வழிகாட்டி, பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். தன் லைக்கா கமராவின் பளபளப்பு தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு திரிந்தவர், தன்னை மற்றவர் படம் எடுப்பதை விரும்பாதவர். ஆள் அறியாமல் எடுத்தால்தான் இயல்பு வரும் என்று இன்றைக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாரிஸ் தெருவுக்கு அது சரியாக இருக்கலாம். போராட்டத்தில் நின்றவர்களையும் நினைவேந்தலுக்குப் போனவர்களையும் புலனாய்வுக்காரர் சிவில் உடுப்பில் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிற ஊரில், அறியாமல் எடுத்த படம் சனத்துக்கு வேறொன்றைத்தான் நினைவூட்டும். இங்கே கமராவைக் கண்டதும் "என்ன தம்பி, பதிவுக்கோ?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஆட்களைப் பதிந்து படம் பிடித்த எத்தனை முகாம், எத்தனை வரிசை!

அதனால் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் ஐயா சட்டைப் பொத்தானைப் பூட்டுவார், அக்கா நெற்றி மயிரை ஒதுக்குவார். அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்கிற நேரம் அது, படத்தில் அதுவும் இருக்கட்டும்.

அப்புறம், ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் பழுதாகிறபோது படமும் போய்விடும், தாளில் கொடுங்கள். இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய சனம் இது. கல்யாணப் படம் இல்லாத வீடுகள் இருக்கின்றன, தாயின் முகத்தைப் படத்தில்கூடக் காணாமல் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20-ஆம் தேதி தொடங்கி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தில் இருந்தார்களே, அவர்கள் கையில் இருந்த படங்களைப் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்தது, ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் நின்று எடுத்தது, யாரோ ஒருவரின் கல்யாண வீட்டுக் கூட்டப்படத்தில் இருந்து வெட்டிப் பெருப்பித்தது. எடுத்த அன்று அதெல்லாம் சாதாரணப் படம். இன்று ஒரு தாய்க்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அதனால்தான் கேட்கிறேன்: போர் முடிவில் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமிலும் மீள்குடியேறிய தறப்பாள் கொட்டில்களிலும் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் எங்கே இருக்கிறீர்கள்? அறிக்கைக்கு, கண்காட்சிக்கு, விருதுக்கு எடுத்த அந்தப் படங்கள் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் இருக்கும். அதில் மூக்குச்சளியோடு நிற்கிற பிள்ளைகள் இன்று கல்யாணம் கட்டிவிட்டார்கள், தங்கள் சின்ன வயதுப் படம் ஒன்றும் அவர்களிடம் இல்லை. ஊர்ப்பெயரும் ஆண்டும் எழுதி, அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ சனசமூக நிலையத்துக்கோ அனுப்பி வையுங்கள். யார் யார் என்று ஊர்ச் சனமே பார்த்துப் பிரித்து எடுத்துக்கொள்ளும்.