நிதி வாங்கித் தந்தவர் பெயரில் ஒரு சிகரம்

அண்டார்க்டிகாவின் மிக உயர்ந்த சிகரம் அதைக் கண்டவர் பெயரையோ அதில் முதலில் ஏறியவர் பெயரையோ தாங்கவில்லை. 4892 மீட்டர் உயரமுள்ள வின்சன் சிகரத்தின் பெயருக்கு உரியவர், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து தேர்வாகி, 1914 முதல் 1965 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்திருந்த அரசியல்வாதி கார்ல் வின்சன். சபையின் கடற்படைக் குழுவுக்கும் பின்னர் ஆயுதப்படைக் குழுவுக்கும் நெடுங்காலம் தலைவராக இருந்து, பனிக்கண்ட ஆய்வுக்கு அரசின் ஆதரவைப் பெற்றுத் தந்தவர் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

1935 நவம்பரில் லிங்கன் எல்ஸ்வொர்த் அக்கண்டத்தின் குறுக்கே விமானத்தில் பறந்தபோது இந்த மலைத்தொடரைக் கண்டு, அதற்குச் சென்டினல் என்று பெயரிட்டார்; ஆனால் உச்சி அவர் கண்ணில் படவில்லை. 1958இல்தான் அமெரிக்கக் கடற்படை விமானத்திலிருந்து அது காணப்பட்டது. எவரெஸ்டின் உச்சியில் மனிதன் கால் வைத்து அப்போது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன! 1966 டிசம்பர் 18 அன்று நிக்கோலஸ் கிளிஞ்ச் தலைமையிலான குழுவின் நால்வர் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். அவர்களை மலையருகே கொண்டு சேர்த்ததும் கடற்படை விமானம்தான்.

அதனால்தான், இந்தப் பெயர் எனக்கு உவப்பாக இல்லாவிட்டாலும், அதில் ஒரு நேர்மை இருப்பதாகக் கருதுகிறேன். அண்டார்க்டிகாவைத் திறந்தது வீரம் மட்டுமன்று, கடற்படைக்கு ஒதுக்கப்பட்ட பணமும்தான் என்பதை அது மறைக்கவில்லை. அலாஸ்காவின் தெனாலி சிகரத்தின் நிலை வேறு. அங்கே பழங்குடியினர் தலைமுறைகளாக வழங்கிவந்த பெயர் இருந்தும், 1896இல் தங்கம் தேடிச் சென்ற ஒருவர் அதிபர் வேட்பாளர் மெக்கின்லியின் பெயரை அம்மலைக்குச் சூட்டினார். 2015இல் அரசு பழைய பெயரை மீட்டளித்தும் 2025இல் மீண்டும் மாற்றிவிட்டது. அது பறிப்பு. மனிதர் குடியிருந்திராத வின்சன் மலையில் பறிப்பதற்கு முந்தைய பெயர் எதுவும் இருக்கவில்லை.

என் மனத்தாங்கல் 2006ஆம் ஆண்டு முடிவைப் பற்றியது. அமெரிக்கப் பெயரிடல் குழு அந்த ஆண்டில் பல சிகரங்கள் சேர்ந்த மலைத்திரளையும் அதன் உச்சியையும் தனித்தனியாகப் பிரித்தது. உச்சிக்கு வேறு பெயர் சூட்ட அதைவிடப் பொருத்தமான வாய்ப்பு வந்திருக்க முடியாது. ஆயினும் இரண்டுமே வின்சனுக்கே போயின. முதல் பயணத்தை வழிநடத்திய கிளிஞ்சுக்கும், முதலில் உச்சியேறிய நால்வரில் இருவரான கார்பெட்டுக்கும் ஷோனிங்குக்கும் அதே மலைத்திரளின் துணைச் சிகரங்களே கிடைத்தன.