பத்து டாலருக்கு மேல் வாங்காத மேயர்

தேர்தல் செலவு, நன்கொடை என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஹாரி கிம் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஹவாய் என்ற பெயரிலேயே உள்ள தீவின் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) மேயராக இருந்தவர். 2000-ல் முதல்முறை தேர்தலில் நின்றபோது, யாரிடமும் 10 டாலருக்கு மேல் நன்கொடை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். எதிரில் நின்றவர்கள் வழக்கம்போலச் செலவு செய்தார்கள். இவர்தான் ஜெயித்தார்.

இதை எளிமை என்று பலரும் பாராட்டுவார்கள். எனக்கு அது எளிமையாகத் தெரியவில்லை. அதுவரை அவர் பார்த்த வேலை கற்றுக்கொடுத்த பாடம் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹவாய் மாநிலத்தின் மற்ற தீவுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இந்த ஒரு தீவின் பரப்பளவு வராது. மக்களோ ஏறக்குறைய 2 லட்சம் பேர்தான். முழுத் தீவும் ஒரே கவுண்டி. அதற்குள் நகராட்சி, பேரூராட்சி எதுவும் கிடையாது. குடிதண்ணீர், சாலை, போலீஸ், தீயணைப்பு, கடற்கரைப் பூங்கா எல்லாமே கவுண்டியின் பொறுப்பு. தெருவில் பள்ளம் விழுந்தாலும் மேயரைத்தான் கேட்பார்கள், எரிமலை வெடித்தாலும் மேயரைத்தான் கேட்பார்கள்.

கிம் 1939-ல் அந்தத் தீவிலேயே பிறந்தவர். பெற்றோர் கொரியாவிலிருந்து குடியேறியவர்கள். மேயராவதற்கு முன் பல வருஷம் கவுண்டியின் குடிமைப் பாதுகாப்புத் துறைக்குத் தலைவராக இருந்தார். சுனாமியோ, பூகம்பமோ, லாவாவோ, வானொலியில் மக்கள் கேட்டது அவர் குரலைத்தான். பதற்றம் இல்லாமல், என்ன நடக்கிறது, யார் கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்கிற குரல்.

அந்தக் குரலின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் 1960-க்குப் போக வேண்டும். சிலியில் பூகம்பம். கடல் தாண்டி சுனாமி வருகிறது. தீவின் தலைநகரான ஹிலோவில் அலை வருவதற்குப் பல மணி நேரம் முன்பே சைரன் ஊதிவிட்டது. ஆனால் பலர் கிளம்பவில்லை. சிலருக்கு அந்தச் சைரனுக்கு என்ன அர்த்தம் என்றே புரியவில்லை. சிலர் அலையை வேடிக்கை பார்க்கப் போனார்கள். நள்ளிரவுக்குப் பிறகு அலை வந்தது, 61 பேர் இறந்துபோனார்கள். கருவி இருந்தது, நேரம் இருந்தது. சொன்னால் நம்பி எழுந்து போகும் அளவுக்கு ஒரு மனிதக் குரல் இல்லை.

2004 டிசம்பர் 26 காலையில் நம் கரையில் அந்தச் சைரன்கூட இல்லை. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தில் பதிவானது. அந்தச் செய்தி நாகப்பட்டினத்துக் குப்பத்துக்கு வந்துசேர வழி எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் ஹாரி கிம்மைப் பற்றிப் படிக்கும்போது என்னால் சும்மா படித்துவிட்டுக் கடந்துபோக முடிவதில்லை.

சரி, 10 டாலருக்கு வருகிறேன். தீவின் கிழக்கே புனா என்று ஒரு வட்டாரம். கிலாவேயா எரிமலையின் கிழக்குப் பிளவு அதன் ஊடாகத்தான் ஓடுகிறது. பல வருஷங்களுக்கு முன்பே அங்கே மனை போட்டு விற்றுவிட்டார்கள். விலை குறைவு என்பதால் வேறெங்கும் நிலம் வாங்க முடியாதவர்கள் வாங்கி வீடு கட்டினார்கள். 1990-ல் கலபானா என்ற ஊரையே லாவா மூடியது. அப்போது அந்த மக்களை வெளியேறச் சொல்லும் பொறுப்பு கிம்மிடம் இருந்தது. ஒரு குடும்பத்திடம் போய் 'வீட்டை விட்டுக் கிளம்புங்கள்' என்று சொல்கிறவர் எந்த மனை வியாபாரிக்கும், எந்தக் கான்ட்ராக்டருக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது. கடன்பட்டிருக்கிறார் என்ற சந்தேகம் வந்துவிட்டாலே போதும், அடுத்த முறை அவர் சொல்லும்போது பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள். பத்து டாலர் வரம்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

2000 முதல் 2008 வரை இரண்டு முறை மேயர். 2012-ல் மறுபடி நின்றபோது பில்லி கெனோயிடம் கொஞ்சம் ஓட்டில் தோற்றார். கெனோய் முன்பு இவரிடமே உதவியாளராக இருந்தவர். 2016-ல் திரும்ப ஜெயித்தார்.

அப்புறம் 2018 வந்தது. மே 3-ஆம் தேதி லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பில், வீடுகளுக்கு நடுவே தரை பிளந்து லாவா பீறிட்டது. மறுநாள் 6.9 அளவில் பூகம்பம். மாதக்கணக்கில் ஓடிய லாவா 700-க்கு மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. ஜூன் தொடக்கத்தில் கபோஹோ வளைகுடாவே நிரம்பித் தரையாகிவிட்டது. அங்கே அழிந்த வீடுகளில் ஒன்று ஹாரி கிம்முடைய இரண்டாவது வீடு. இவ்வளவுக்கும் நடுவே லாவாவில் சிக்கி ஒருவரும் சாகவில்லை. என்னைக் கேட்டால், ஓர் உள்ளூர் அரசியல்வாதியைப் பற்றி இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019-ல் மவுனா கேயா மலை உச்சியில் தொலைநோக்கி கட்டுவதை எதிர்த்துப் பூர்வகுடி மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், முதியவர்கள் கைதானார்கள். பேசித் தீர்க்கும் பொறுப்பை ஆளுநர் கிம்மிடம் கொடுத்தார். பேசினார். தீர்வு வரவில்லை. புனாவில் சாலை, தண்ணீர், வீடு என்று காத்திருந்தவர்களுக்கோ ஒவ்வொரு மாதமும் பாரமாக இருந்தது. கிளம்பச் சொல்கிற திறமை வேறு, திரும்பி வர வழி செய்கிற திறமை வேறு. அவரை எவ்வளவு மதித்தாலும் இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

2020 முதற்கட்டத் தேர்தலில் அவருக்கு மூன்றாவது இடம். முதலிடம் மிட்ச் ராத்துக்கு, அவர்தான் பிறகு மேயரானார். இரண்டாவது வந்தவர் இகாய்க்கா மார்சோ. எரிமலைச் சமயத்தில் புனாவில் சாலையோரம் கூடாரம் போட்டு, வீடிழந்தவர்களுக்குச் சாப்பாடும் துணிமணியும் கிடைக்க வைத்தவர்களில் முன்னால் நின்றவர். அந்த ஓட்டுகளைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. எழுந்திருங்கள் என்று சொன்ன குரலை நம்பி வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள், வந்த இடத்தில் தங்களுக்குச் சோறு போட்டவரையும் நினைவில் வைத்திருந்தார்கள்.