தலா நான்கு மாதிரிக்கு மான்-விட்னி போதாது

பல குழுக்களிடையே வேறுபாடு உண்டா என்று தரவரிசையை வைத்துப் பார்ப்பது க்ருஸ்கல்-வாலிஸ் சோதனை. அதற்குப் பிறகு, எந்தக் குழுக்கள் வேறு என்று அறிய ஜோடி ஜோடியாக மான்-விட்னி (இரண்டு குழுக்களுக்கான தரவரிசைச் சோதனை) போட்டு போன்ஃபெரோனி திருத்தம் (பல ஒப்பீடுகள் செய்வதற்கு ஈடாக முடிவைக் கடுமையாக்குவது) செய்தால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. சிறிய குழுக்களுக்கு இது ஆபத்தான யோசனை.

பேச்சுக்கு, அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் மூன்றிலும் தலா 4 நீர் மாதிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழுக்களின் மதிப்புகள் ஒன்றோடொன்று கலக்காமல் முழுசாகப் பிரிந்திருந்தாலும், இருபக்க மான்-விட்னியில் கிடைக்கக்கூடிய மிகச்சிறிய பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ பிரிவு தெரிவதற்கான வாய்ப்பு) 2/70, அதாவது 0.029. மூன்று ஒப்பீட்டுக்குத் திருத்தினால், அதாவது மூன்றால் பெருக்கினால், 0.086. தரவு எப்படி இருந்தாலும் வழக்கமான வரம்பான 0.05-க்குக் கீழே வரவே வராது. மிகச்சிறிய பி-மதிப்பிலிருந்து படிப்படியாகத் திருத்தும் ஹோம் முறையும் இங்கே கைகொடுக்காது. தலா 3 என்றால் திருத்தத்துக்கு முன்பே 0.1. தலா 5 இருந்தால்தான் 0.008, திருத்திய பின் 0.024.

ஜோடி ஒப்பீட்டுக்கு இன்னொரு வழியான டன் சோதனை எல்லாக் குழுக்களின் மதிப்புகளையும் சேர்த்துத் தரவரிசைப்படுத்துகிறது. அதே தலா 4-இல் மூன்று குழுக்களும் முழுசாகப் பிரிந்திருந்தால், வரிசையில் கடைசிக் குழுவுக்கும் முதல் குழுவுக்கும் இடையே திருத்திய பி சுமார் 0.005. ஆனால் அடுத்தடுத்த குழுக்களுக்குத் திருத்தாமலே 0.12! நடுவில் இருக்கும் குழு வேறு என்று அது சொல்லாது. தவிர, இந்தப் பி-மதிப்புகள் இயல்நிலைப் பரவலை (மணி வடிவப் பரவல்) வைத்துப் போடும் தோராயம். இத்தனை சிறிய எண்ணிக்கையில் வரிசைமாற்றச் சோதனையால் (மதிப்புகளைக் குழுக்களுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது) சரிபார்ப்பது நல்லது. சம மதிப்புகள் நிறைய இருந்தால் அதற்கான திருத்தமும் கட்டாயம்.

ஒரே கட்டுப்பாட்டுக் குழுவோடு (ஒப்பீட்டுக்கான அடிப்படைக் குழு) மட்டும் ஒப்பிடுவதாக முன்கூட்டியே தீர்மானித்தால் ஒப்பீடுகள் குறையும். தரவைப் பார்த்த பிறகு அப்படிக் குறைக்கக் கூடாது. ஒரே பாலத்தடியில் ஒரே நாளில் எடுத்த நான்கு பாட்டில்கள் நான்கு சுயேச்சையான மாதிரிகளும் ஆகாது.