தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்லும் ஃபார்வர்டை நம்பாதீர்கள்

"நம்ம ஊர் வெயிலுக்கு காரில் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிவிட்டால் இன்ஜின் சூடாகாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. வெயில் எப்படி அடித்தாலும் பெரும்பாலான இன்ஜின்கள் 90 டிகிரியை ஒட்டி ஓடத்தான் செய்யப்பட்டவை; அந்தச் சூடு வரும்வரை கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட்தான், அது இல்லையென்றால் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும், சில வண்டிகளில் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் (மாற்றுப் பாதை) வழியாகவே சுற்றிச் சூடு இன்னும் ஏறும்.

தெர்மோஸ்டாட் பழுதோ என்று சந்தேகமா? கழற்றியதைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். அதிலேயே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டி வால்வு மெல்லத் திறக்க வேண்டும். திறக்கவில்லையா, புதிது மாற்றுங்கள், அவ்வளவுதான். திறந்தால் கோளாறு வேறெங்கோ: ஃபேன், ஹோஸ், கூலன்ட் அளவு என்று பாருங்கள் (ரேடியேட்டர் மூடியை மட்டும் இன்ஜின் ஆறாமல் தொடாதீர்கள்). அந்த மெசேஜ் வந்தால் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.